ஆலை நிலத்தில் எழுந்த வான்மாளிகைகள்: நிலத்தின் விலையேற்றம் யாருக்குச் சொந்தம்?

(கட்சிக் கல்வி வகுப்பில், நகர்ப்புற நிலப் பிரச்சனை குறித்து நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மும்பையின் வோர்லி - லோயர் பரேல் பகுதியில் ஏறத்தாழ பதினேழரை ஏக்கர் பரப்பில் ஓர் ஆடம்பரக் குடியிருப்பு வளாகம் நிற்கிறது. அதன் கோபுரங்களில் ஒன்று 70க்கும் மேற்பட்ட மாடிகளைக் கொண்டது. அமெரிக்க ஜனாதிபதி டொனால்டு டிரம்பின் பெயரைத் தாங்கியது. கட்டுவது இந்திய நிறுவனம். டிரம்ப் குடும்பத்தின் நிறுவனம் பெயரைப் பயன்படுத்தக் கொடுத்து உரிமத்தொகை பெறுகிறது. அந்த வளாகத்தின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. அந்த மண் ஒரு காலத்தில் பொதுத்துறைக்குச் சொந்தமான மண். தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ‘மும்பை டெக்ஸ்டைல் மில்’ அங்கேதான் இயங்கியது.

பொதுச் சொத்தாக இருந்த ஆலை நிலம் கோடீஸ்வரர்களின் கோபுரமாக மாறியது எவ்வாறு? அந்த நிலத்தின் விலையேற்றம் யாருடைய பைக்குச் சென்றது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டால், இன்று இந்தியாவின் பெருநகரங்கள் அனைத்திலும் முளைத்துவரும் ஆடம்பர அடுக்குமாடி வளாகங்களின் அரசியல் விளங்கும்.

கிரண்காவ்: உழைப்பாளர் கட்டிய ஊர்

மும்பையின் முதல் பஞ்சாலை 1854இல் தொடங்கப்பட்டது. அடுத்தடுத்த தலைமுறைகளில் பரேல், லால்பாக், வோர்லி, தாதர் வட்டாரங்கள் ‘கிரண்காவ்’ ஆயின. மராத்தியில் ஆலைகளின் ஊர் என்று பொருள். கொங்கண் கரையிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ‘சால்’ எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஒரே அறையைப் பகல் ஷிப்டுக்காரரும் இரவு ஷிப்டுக்காரரும் மாறி மாறிப் பயன்படுத்தினர்.

குடியிருப்பு, அலுவலகம், கடை, கேளிக்கை அனைத்தும் ஒரே வளாகத்தில் என்று இன்றைய கட்டுமான நிறுவனங்கள் புதுமையாக விளம்பரம் செய்கின்றன. கிரண்காவ் நூறாண்டுகளுக்கு முன்பே அப்படித்தான் இருந்தது. ஆலை, வீடு, உடற்பயிற்சிக் கூடம், நூலகம், தெருக்கூத்து, சங்க அலுவலகம் எல்லாம் நடந்துசெல்லும் தொலைவில் இருந்தன. குடும்பத்தை ஊரில் விட்டுவந்த தொழிலாளர்களுக்குப் பெண்கள் வீட்டிலேயே சமைத்துப் போட்ட ‘கானாவள்’ உணவகங்கள் இருந்தன. அந்தப் பெண்களைத் திரட்டி 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலை உருவாக்கியவர் கம்யூனிஸ்ட் ஊழியரான பிரேமா புரவ். அந்த ஊருக்கு மதில் சுவரும் இல்லை, நுழைவு அட்டையும் இல்லை.

இந்தியத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றில் அந்த மண்ணுக்குரிய இடம் பெரிது. 1908இல் திலகருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆறு நாட்கள் பம்பாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இந்தியப் பாட்டாளி வர்க்கம் அரசியல் போராட்டத்துக்கு முதிர்ந்துவிட்டதன் அடையாளமாக லெனின் அதைக் கண்டார். 1920இல் ஏஐடியுசி பிறந்தது பம்பாயில். 1928இன் ஆறுமாத வேலைநிறுத்தத்தில் செங்கொடிச் சங்கமான கிர்ணி காம்கார் யூனியன் வளர்ந்தது. 1970 ஜூனில் லால்பாகில் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் படுகொலை செய்யப்பட்டதும் அந்த மண்ணில்தான்.

வேலைநிறுத்தத்தின் பின்னே நடந்தது

1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வும் போனசும் கோரிக்கைகளாக இருந்தன. தங்கள் விருப்பத்துக்கு உரிய சங்கத்தைத் தேர்வு செய்யும் உரிமையும் கோரிக்கையாக இருந்தது. 1946ஆம் ஆண்டின் பம்பாய் தொழிலுறவுச் சட்டம், பேச்சுவார்த்தை உரிமையைக் காங்கிரஸ் சார்புச் சங்கமொன்றிடம் மட்டுமே ஒப்படைத்திருந்தது. முதலாளிகளும் அரசும் இறங்கிவரவில்லை. அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படாமலேயே தேய்ந்தது. ஒன்றரை லட்சம் பேர் வரை வேலை இழந்தனர் என்பது பரவலான மதிப்பீடு.

வேலைநிறுத்தம்தான் ஆலைகளை அழித்தது என்பது முதலாளிகளின் கதை. உண்மையில், ஆலைகளை நவீனப்படுத்துவதற்கான முதலீட்டைப் பல முதலாளிகள் நீண்ட காலமாகவே தவிர்த்துவந்தனர். உற்பத்தி விசைத்தறிகளுக்கு மாற்றி விடப்பட்டது. அங்கே சங்கமும் இல்லை, சட்டப் பாதுகாப்பும் இல்லை. நகரின் நடுவே அமைந்திருந்த நிலமோ நாளுக்கு நாள் விலை ஏறியது. நூலில் கிடைக்கும் லாபத்தைவிட நிலத்தில் கிடைக்கும் லாபம் பெரிது என்ற நிலை வந்தபோது, ஆலையை ஓட்டும் அக்கறை முதலாளிகளுக்கு அற்றுப்போனது.

மூன்றில் ஒரு பங்கு: விதியும் சதியும்

1991இல் பம்பாய் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆவது விதி சேர்க்கப்பட்டது. ஆலை நிலத்தை மறுவளர்ச்சி செய்ய அது அனுமதித்தது; ஆனால் நிபந்தனை விதித்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொதுத் திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கு. மற்றொரு பங்கு மலிவு வீடுகளுக்காக மாநில வீட்டு வசதி வாரியமான மாடாவுக்கு. எஞ்சிய பங்கு உரிமையாளருக்கு. நிலத்தை விற்று வரும் பணம் ஆலையை நவீனப்படுத்தவும் தொழிலாளர் நிலுவையைத் தீர்க்கவும் பயன்பட வேண்டும் என்பது அடிப்படை நோக்கம். குறைபாடுகள் இருந்தபோதிலும், ஆலை நிலத்தில் சமூகத்துக்கும் தொழிலாளிக்கும் பங்குண்டு என்ற கோட்பாட்டை அந்த விதி ஏற்றிருந்தது.

2001இல் காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் அரசு அந்த விதியைத் திருத்தியது. ஒரே ஒரு மாற்றம்தான்: மொத்த ஆலை நிலத்தையும் மூன்றாகப் பிரிக்கத் தேவையில்லை, ஏற்கெனவே கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பிரித்தால் போதும். ஆலை நிலத்தின் பெரும்பகுதியில் கொட்டகைகளும் கட்டடங்களும் இருந்தன. அவற்றை இடித்தபின் கிடைக்கும் நிலம் முழுவதும் உரிமையாளருக்கே. ஒரு சொல்லின் பொருளை மாற்றியதன் மூலம் மும்பை மக்களின் பூங்காவும் தொழிலாளியின் வீடும் பறிபோயின.

இந்தத் திருத்தத்தை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்பொன்று தொடுத்த பொதுநல வழக்கில், 2005 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து ஆலை உரிமையாளர்களின் வழியைத் திறந்துவிட்டது.

பொதுத்துறை நிலமும் இந்தச் சந்தைக்குத் தப்பவில்லை. 2005இல் தேசிய பஞ்சாலைக் கழகம் தனது ஐந்து மும்பை ஆலைகளின் நிலத்தை விற்றது. ஐந்துக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 2,020 கோடி ரூபாய். அவற்றில் மும்பை டெக்ஸ்டைல் மில்லின் விலை 702 கோடி ரூபாய். வாங்கியது டிஎல்எஃப் குழுமம். ஏழாண்டுகள் கழித்து 2012இல், அங்கே எந்தக் கட்டடமும் முழுமை பெறாத நிலையிலேயே, அதே நிலம் லோதா குழுமத்துக்குக் கைமாறியது. விலை சுமார் 2,700 கோடி ரூபாய். அதாவது ஐந்து ஆலைகளை விற்று அரசுக் கழகம் பெற்ற மொத்தத் தொகைக்கு ஏறத்தாழ நிகரான பணம், ஒரே ஆலையின் நிலத்தைக் கைமாற்றியதில் விலை வேறுபாடாகப் பிறந்தது. லோதா குழுமத்தை நிறுவியவர் பாஜகவின் சட்டமன்ற உறுப்பினர். 2022 முதல் மகாராஷ்டிர அமைச்சர்.

விலையேற்றம் எங்கிருந்து வந்தது?

அந்த 2,000 கோடி ரூபாயை யார் உருவாக்கினார்கள்? நிலம் உழைப்பின் விளைபொருள் அன்று. நிலத்தின் விலை என்பது எதிர்காலத்தில் கிடைக்கவிருக்கும் நில வாடகையின் மூலதன மதிப்பே என்று மார்க்ஸ் விளக்கினார். அந்த வாடகையோ சமூகம் முழுவதும் உருவாக்கும் உபரி மதிப்பிலிருந்து நில உடைமையாளர் அறுத்துக்கொள்ளும் பங்கு. வோர்லியின் ஒரு சதுர அடி ஏன் விலை மதிப்புள்ளது? அருகில் புறநகர் ரயில் ஓடுகிறது; மாநகராட்சி குடிநீர் தருகிறது; பொதுப் பணத்தில் சாலையும் மேம்பாலமும் அமைந்துள்ளன; லட்சக்கணக்கான உழைப்பாளர்கள் நாள்தோறும் அந்த நகரை இயக்குகின்றனர். சமூகம் உருவாக்கிய மதிப்பு, பத்திரத்தில் பெயர் வைத்திருப்பவரின் கணக்கில் வரவாகிறது.

மறுபுறம், இழப்பும் விபத்தும் சமூகத்தின் கணக்கில் பற்றாகின்றன. ஆலை நிலங்களில் அலுவலகக் கோபுரங்கள் பெருகியபோது அங்கு வந்திறங்கும் மக்கள் திரளுக்கு ஏற்ப ரயில் நிலையங்கள் விரிவாக்கப்படவில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் மாண்டனர். மூன்றே மாதங்களில், கமலா மில்ஸ் வளாகத்தின் மாடிக் கேளிக்கை விடுதியில் பற்றிய தீ 14 உயிர்களைக் குடித்தது.

கோபுரங்களை எழுப்பும் தொழிலாளியின் நிலை என்ன? பீகார், உத்தரப்பிரதேசம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து ஒப்பந்தக்காரர் மூலம் வரும் அவர், தகரக் கொட்டகையில் தங்கி 70ஆவது மாடியில் கம்பி கட்டுகிறார். கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக 1996ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நலவரி விதிக்கப்பட்டது. ஆனால் வாரியத்தில் பதிவு பெறாத தொழிலாளிக்கு அந்த நிதியிலிருந்து எதுவும் சேர்வதில்லை. ஊர்விட்டு ஊர் மாறும் தொழிலாளிக்குப் பதிவே பெரும்பாடு.

வீட்டுக்காகக் காத்திருப்போர்

1989இல் தத்தா இஸ்வால்கர் முதலானோர் மூடப்பட்ட ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிப் போராட்டக் குழு அமைத்தனர். செங்கொடிச் சங்கங்களும் பிற அமைப்புகளும் நடத்திய இடைவிடாத போராட்டத்தால், மாடாவுக்கு வந்த நிலத்தில் முன்னாள் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வாரிசுகளுக்கும் வீடு என்ற உரிமை வென்றெடுக்கப்பட்டது. 2012இல் நடந்த முதல் குலுக்கலில் 6,925 வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 225 சதுர அடி. விண்ணப்பித்தவர்களோ ஒன்றரை லட்சம் குடும்பங்களுக்கு அருகில். இன்றளவும் வீடு பெற்றவர்கள் அதில் ஒரு சிறு பகுதியினரே. காத்திருந்தே இறந்துபோனவர்கள் பலர்.

எஞ்சியோருக்கு அரசு காட்டும் இடம் கர்ஜத் ரயில் வழித்தடத்தில் உள்ள வாங்கணியும் ஷேலுவும். பரேலிலிருந்து வெகு தொலைவு. மும்பையிலேயே வீடு வேண்டும் என்று முதிய தொழிலாளர்கள் 2025 ஜூலையிலும் ஆசாத் மைதானத்தில் திரண்டனர். வீட்டுப் பிரச்சனையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, அதை வேறிடத்துக்கு நகர்த்த மட்டுமே செய்கிறது என்று 1872இல் எங்கெல்ஸ் சுட்டிக்காட்டினார். வாங்கணிக்குச் செல்லும் ரயில் அதற்குச் சான்று.

இந்த நகர்த்தல் பஞ்சாலைத் தொழிலாளியோடு நிற்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் வாழும் தாராவி இப்போது அதே பாதையில் தள்ளப்படுகிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தை அதானி குழுமம் பெற்றது. திட்ட நிறுவனத்தில் 80 விழுக்காடு அதானிக்கு, 20 விழுக்காடு அரசுக்கு. 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதை ஆவணங்களால் மெய்ப்பிப்போருக்கு மட்டுமே தாராவிக்குள் இலவச வீடு. மற்றவர்களுக்கு நகரின் வேறு மூலைகள்.

வீடு இல்லாததற்குக் காரணம் கட்டடங்கள் இல்லாமை என்றும் சொல்ல இயலாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி. அடுத்த ஆண்டில் அரசு நிபுணர் குழு கணித்த நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி, அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏழைகளும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும். வீடு ஊக வணிகச் சரக்காக இருக்கும்வரை, எத்தனை கோபுரம் எழுந்தாலும் தேவைப்படுபவருக்கு அது எட்டாது. அரசுகளோ சலுகையைக் கோபுரங்களுக்கே வழங்குகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஜனவரியில், மகாராஷ்டிர அரசு கட்டுமான நிறுவனங்கள் செலுத்தவேண்டிய பிரீமியம் கட்டணங்களைப் பாதியாகக் குறைத்தது. முதலமைச்சரின் கட்சி மாறியபோதும் இந்தக் கொள்கை மாறவில்லை.

மாற்று உண்டு

ஆலை நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு மீட்க முடியாது என்று சொல்வோருக்குத் தாதரின் இந்து மில் பதில் கூறுகிறது. தேசிய பஞ்சாலைக் கழகத்துக்குச் சொந்தமான அந்த நிலத்தில் 2011 டிசம்பரில் அம்பேத்கரிய இயக்கத்தினர் நுழைந்து உரிமை கோரினர். விளைவாக, ஏறத்தாழ 12 ஏக்கர் நிலம் ஏலத்துக்குப் போகாமல் டாக்டர் அம்பேத்கர் நினைவிடத்துக்கு ஒதுக்கப்பட்டது. மக்கள் திரண்டால் விதி வளையும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. எஞ்சியுள்ள பொதுத்துறை ஆலை நிலங்கள் எந்த நகரிலும் தனியாருக்கு ஏலம் விடப்படக் கூடாது. மூடப்படும் தொழிற்சாலையின் மொத்த நிலத்திலும் பொதுப் பங்கும் தொழிலாளர் பங்கும் சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். நிலத்தின் விலையேற்றத்தின் மீது வரி விதித்து, அதைப் பொது வீட்டு வசதிக்குச் செலவிட வேண்டும். மறுகுடியமர்வு அதே வட்டாரத்தில் நிகழ வேண்டும். கட்டுமானத் தொழிலாளி ஒவ்வொருவரும் பணியிடத்திலேயே நலவாரியத்தில் பதிவு செய்யப்பட வேண்டும்.

தொழிற்சாலை வாயிலில் நடக்கும் போராட்டமும் குடியிருப்பில் நடக்கும் போராட்டமும் இரண்டல்ல. ஆலை மூடப்படும் நாளிலேயே அதன் நிலம் யாருக்கு என்ற கேள்வியைத் தொழிற்சங்கம் எழுப்ப வேண்டும். குடிசை அகற்றப்படும் இடத்தில் முதலில் சென்று நிற்பது கட்சிக் கிளையாக இருக்க வேண்டும். மும்பைத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கைவிடாத கோரிக்கையை ஒவ்வொரு நகரத்தின் கோரிக்கையாகவும் வளர்த்தெடுப்பது கட்சி ஊழியர்களின் உடனடிக் கடமை.