கல் இறங்கும் முன்பே கேட்போம்

(குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

தெருவில் பேவர் பிளாக் கல் பதிக்கிறார்கள். அன்றைக்குச் சந்தோஷப்படுகிறோம். அடுத்த மழையில் தண்ணீர் வாசல்படி ஏறி வீட்டுக்குள் வருகிறது. பழைய ரோட்டைத் தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டால் தெரு உயரும், வீடு பள்ளமாகும். வேலை முடிந்தபின் புலம்பி என்ன பயன்? கல் இறங்கும் முன்பே நாம் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கும் இடம் கிராம சபை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆண், பெண் எவரும் பேசலாம். ஆனால் நம் வீடுகளிலிருந்து எத்தனை பேர் போகிறோம்? "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்குகிறோம். பெண்களிடம் கேட்பதே இல்லை. விடியுமுன் பட்டாசு ஆலை வேனுக்கு நிற்பவர்கள் அவர்கள். எந்த முக்கில் விளக்கு எரியவில்லை, குழாயடியில் எங்கே வழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு மதீனாவைக் காக்க நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு மஷ்வரா செய்தார்கள். அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். வெளியூர்க்காரர் என்று யாரும் தள்ளவில்லை. யோசனையை ஏற்ற நபியவர்களே மண்ணும் சுமந்தார்கள்.

நம் காலத்திலும் உதாரணம் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996இல் இளங்கோ ஊராட்சித் தலைவரானார். ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசித் திட்டம் வகுத்தார். கிரானைட் ஆலையில் கழித்துப் போட்ட கற்களைக் கொண்டே வாறுகால் கட்டினார்கள், செலவும் குறைந்தது.

நாம் என்ன செய்யலாம்? அடுத்த கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பு, மஃரிபுக்குப் பிறகு தெருவை ஒரு சுற்று நடந்து வருவோம். இருட்டில்தான் விளக்கில்லாத இடம் தெரியும். வேலைக்குப் போன பெண்களும் அப்போது வீடு திரும்பியிருப்பார்கள். பக்கத்துத் தெரு மாற்றுமத சகோதரர்களையும் அழைப்போம். நம் வாறுகால் தண்ணீர் அவர்கள் தெரு வழியாகத்தானே போகிறது! பார்த்ததில் அவசரமான மூன்றை மட்டும் ஒரே மனுவாக எழுதுவோம். சபையில் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுவோம். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு வீடு திரும்ப வேண்டாம். வேலை தொடங்கும் நாளில் தெருவுக்கு இருவர் நின்று பார்ப்போம்.

கேட்டதெல்லாம் உடனே கிடைக்காது. இந்த முறை விட்டதை அடுத்த சபையில் மறுபடி கேட்போம். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே தர்மமாகக் கருதுபவர்கள் நாம். தெரு முழுவதற்கும் வழி செய்வது எவ்வளவு பெரிய தர்மம்! அல்லாஹ் நமக்கு அந்த ஒற்றுமையைத் தருவானாக. ஆமீன்.