செவ்வாயில் பறந்த ஒற்றைக் கண்



2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி, செவ்வாய்க் கோளின் ஜெசிரோ பள்ளத்தில் ஒரு சின்ன ஹெலிகாப்டர் தரையை விட்டு எழுந்தது. மூன்று மீட்டர் உயரம் போய், அந்தரத்தில் நின்று, கொஞ்சம் திரும்பி, எழுந்த இடத்திலேயே இறங்கியது. எல்லாம் சேர்த்து 39 விநாடி. பூமியைத் தவிர வேறொரு கோளில் ஓர் இயந்திரம் தன் மோட்டார் விசையில், கட்டுப்பாட்டோடு பறந்தது அதுதான் முதல் தடவை. இன்ஜெனுவிட்டி என்பது அதன் பெயர். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் உருவானது. எடை 1.8 கிலோ.

அதன் இறக்கைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். செவ்வாயின் காற்று நம் ஊர்க் காற்றின் அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு அளவே. அந்தக் காற்றில் மேலெழ, இறக்கைகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,400 முறை சுழல வேண்டியிருந்தது. பெரிய சாதனைதான். ஆனால் இன்று நான் பேச வந்தது அதன் கண்ணைப் பற்றி. பறக்கும்போது வழி தெரிந்துகொள்ள அதற்கு இருந்தது ஒரே ஒரு கேமரா. வயிற்றுப் பக்கம் பொருத்தி, நேர்கீழே தரையைப் பார்க்கும் கறுப்பு வெள்ளைக் கேமரா. அகலத்தில் 640 புள்ளி, உயரத்தில் 480 புள்ளி. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மலிவான கைபேசியின் கேமராகூட இதைவிடத் தெளிவானது. அழகான வண்ணப் படங்கள் எடுக்க இன்னொரு கேமரா இருந்தது. ஆனால் வழி கண்டுபிடிக்கும் வேலையில் அதற்குப் பங்கில்லை.

பூமியிலிருந்து யாராவது ஓட்டக் கூடாதா என்று கேட்கலாம். ரேடியோ அலை செவ்வாய்க்குப் போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும். இரண்டு கோள்களும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் காலத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல். காற்றில் ஒரு தடுமாற்றம் வந்தால் ஹெலிகாப்டர் அதை ஒரு விநாடிக்குள் திருத்திக்கொள்ள வேண்டும். அங்கே ஜி.பி.எஸ். கிடையாது. திசைகாட்டியின் முள்ளைப் பிடித்து நிறுத்தும் காந்தப்புலமும் கோள் முழுவதற்குமாக இல்லை. ஆக, நான் எங்கே இருக்கிறேன், எந்த வேகத்தில் போகிறேன் என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஒற்றைக் கண் தானே பதில் தேட வேண்டும்.

ஒற்றைக் கண்ணின் சங்கடம் என்ன என்பதை நீங்களே பார்த்துவிடலாம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வீடு சேர்ந்த பிறகு செய்து பாருங்கள். ஜன்னலருகே அசையாமல் நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பி தெரியும். அதற்கப்பால் எதிர்வீட்டு மரமும் தெரியும். கம்பி பக்கத்தில், மரம் தூரத்தில் என்று உங்களுக்குத் தெரிவது பழக்கத்தால். கண்ணில் விழும் படத்திலோ தூரம் என்ற சங்கதியே கிடையாது. எது எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும்தான் உண்டு. இப்போது தலையை மெல்ல இடமும் வலமும் நகர்த்துங்கள். கம்பி சட்டென்று விலகும். மரம் கொஞ்சம்தான் அசையும். பக்கத்தில் இருப்பது அதிகம் நகர்கிறது, தள்ளி இருப்பது குறைவாக நகர்கிறது. தூரத்தைக் கணக்கிட இந்த வித்தியாசமே போதும். நின்ற இடத்தில் குருடாக இருக்கும் ஒற்றைக் கண், நகரத் தொடங்கியதும் ஆழத்தைப் பார்த்துவிடுகிறது.

ரோபோ ஆராய்ச்சியாளர்கள் இதை வெகுநாளாகவே பயன்படுத்தி வருகிறார்கள். 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக் ஒரு சக்கர வண்டிமேல் தொலைக்காட்சிக் கேமரா ஒன்றை வைத்தார். வண்டி நிற்கும். கேமரா மட்டும் ஒரு சட்டத்தின்மேல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஒன்பது படம் எடுக்கும். நாற்காலி எங்கே, தடை எங்கே என்று கணினி அவற்றை ஒப்பிட்டுக் கணக்குப் போடும். பிறகு வண்டி ஒரு மீட்டர் உருளும். மறுபடி நிற்கும், மறுபடி ஒன்பது படம். ஒரு மீட்டருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். 1979-இல் நாற்காலிகள் போட்ட ஓர் அறையை அந்த வண்டி ஆள் உதவி இல்லாமல் கடந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. 2003-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ டேவிசன் ஒரே கேமராவைக் கையில் பிடித்து நகர்த்தினாலே, அது இருக்கும் இடத்தையும் சுற்றியுள்ள பொருள்களின் இடத்தையும் உடனுக்குடன் சொல்லும் முறையைச் சாதாரணக் கணினியிலேயே செய்து காட்டினார். இன்ஜெனுவிட்டியின் கண் எடுத்ததோ விநாடிக்கு முப்பது படம்.

இவ்வளவு வளர்ந்தும் ஒரு குறை மட்டும் தீரவில்லை. கேமராவை எவ்வளவு மேம்படுத்தினாலும் அது தீராது. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கையளவு கல் ஒன்றைப் பார்க்கிறோம் என்று வையுங்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து அதே வடிவில் இருமடங்கு பெரிய கல்லைப் பார்த்தாலும் படம் அச்சாக ஒன்றேதான். முதல் இடத்தில் ஒரு மீட்டர் நகர்ந்தாலும், இரண்டாவது இடத்தில் இரண்டு மீட்டர் நகர்ந்தாலும், படத்துக்குள் கல் நகரும் அளவும் ஒன்றே. ஆயிரம் படம் எடுத்தாலும் எது உண்மை என்று படம் சொல்லாது. நம் ஊரில் ஒரு மாடோ, ஒரு கதவோ கண்ணில் பட்டால் அளவு பிடிபட்டுவிடும். செவ்வாயில் கல்லும் மணலும்தான். கல் எந்த அளவிலும் இருக்கலாம்.

வெளியிலிருந்து ஒரே ஓர் உண்மையான அளவு கிடைத்தால் இந்தச் சிக்கல் மொத்தமும் அவிழ்ந்துவிடும். அதற்காகத்தான் இன்ஜெனுவிட்டி ஒரு சிறிய லேசர் உயரமானியைச் சுமந்தது. தரை இத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று அது சொன்னதும், படத்தில் நகர்ந்த புள்ளிகள் மீட்டர் கணக்குக்கு வந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு சில்லு. உடலின் சாய்வையும் வேக மாற்றத்தையும் விநாடிக்குப் பல நூறு தடவை அளக்கிற உணரி. அது படு வேகம். ஆனால் அதன் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும். அதை மட்டும் நம்பினால் கொஞ்ச நேரத்தில் கணக்கு எங்கோ போய்விடும். இங்கேதான் கேமரா உதவுகிறது. படத்தில் எடுப்பாகத் தெரியும் புள்ளிகளை மென்பொருள் பொறுக்கிக்கொள்ளும்: கல்லின் முனை, வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் மூலை. அடுத்த படத்தில் அதே புள்ளிகளைத் தேடிப் பிடிக்கும். உணரி சொன்னபடி பார்த்தால் அவை இருக்க வேண்டிய இடம் ஒன்று. உண்மையில் இருக்கும் இடம் ஒன்று. அந்த வித்தியாசத்தைக் கொண்டு உணரியின் பிழையைத் திருத்தும். பெரும்பான்மைப் புள்ளிகளோடு ஒத்துப் போகாதவற்றை ஒதுக்கிவிடும். அந்த ஹெலிகாப்டர் எடுத்த பல படங்களில் அதன் நிழல் நன்றாகவே தெரிகிறது. கூடவே வரும் நிழலைப் பிடித்துக்கொண்டால், நகராமல் நிற்கிறோம் என்றல்லவா தோன்றும்? அதனால் இந்த வடிகட்டல் இல்லாமல் தீராது.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய நம் சந்திரயான்-3-இலும், அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுப் பக்கவாட்டு வேகம் அளக்கும் கேமரா ஒன்று இருந்தது. அடிப்படை ஒன்றுதான்.

கேமராவையும் உணரியையும் ஒப்பிடும் இந்த ஏற்பாட்டில் நேரம் எவ்வளவு முக்கியம் என்பது இன்ஜெனுவிட்டியின் ஆறாவது பறப்பில் தெரிந்தது. 2021 மே 22. பத்து மீட்டர் உயரத்தில், விநாடிக்கு நான்கு மீட்டர் வேகம். முதல் 150 மீட்டரை முடிக்கப் போகும் நேரம். புறப்பட்டு 54 விநாடி ஆகியிருந்தது. கேமராவிலிருந்து கணினிக்கு வந்த படவரிசையில் ஒரே ஒரு படம் தொலைந்தது. ஒரு படம் போனால் என்ன, அடுத்தது வந்துவிடுமே என்று தோன்றும். வந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, வேறொரு கணத்தின் கணக்கோடு அதை ஒப்பிட்டது மென்பொருள். இல்லாத பிழையைக் கண்டது. அதைத் திருத்தச் சாய்ந்தது. அந்தத் திருத்தமே புதுப் பிழையானது. அதைத் திருத்த எதிர்ப்பக்கம் சாய்ந்தது. முன்னும் பின்னுமாக இருபது பாகைக்கும் மேல் ஆடிக்கொண்டே ஹெலிகாப்டர் மீதிப் பாதையைக் கடந்தது.

ஆனாலும் விழவில்லை. குறித்த இடத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது. இதற்குக் காரணம் இரண்டு. எதிர்பாராத ஆட்டத்தைத் தாங்கும்படி தாராளமான இடைவெளி விட்டு வடிவமைத்திருந்தார்கள். இன்னொன்றை நான் மிகவும் மதிக்கிறேன்: தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவின் பேச்சையே கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். கண் ஏமாறக்கூடிய இடம் எது என்று யோசித்து, அங்கே அதை மூடி வைத்திருந்தார்கள். கண் விலகியதும் ஆட்டமும் நின்றது. இந்த ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் 1980-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர். செவ்வாயில் ஹெலிகாப்டர் என்ற யோசனையை 1990-களிலேயே முன்வைத்துவிட்டு, அது பறக்கும் நாளுக்காக இருபது ஆண்டுக்கும் மேல் காத்திருந்தவர்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கீழே உள்ள தரை தட்டையானது என்று நம்பித்தான் மென்பொருள் கணக்குப் போட்டது. தொடக்கத்தில் ஐந்து பறப்புக்குத்தானே திட்டம், சமதரைக்கு மேல்தானே பறக்கப் போகிறது என்ற நியாயம். 2021 ஜூலை 5 அன்று, ஒன்பதாவது பறப்பில், மேடும் பள்ளமும் மணல்முகடுமான சேயித்தா என்ற பகுதியின் மேலே 625 மீட்டர் பறக்கவிட்டார்கள். தரை ஏறி இறங்கும்போது, அந்த மாற்றத்தைத் தன் நகர்வாக மென்பொருள் தப்பாக எண்ணும், திசை பிசகும். அது தெரிந்தேதான் போனார்கள். எவ்வளவு பிசகலாம் என்று முன்கூட்டியே கணித்து, ஐம்பது மீட்டர் ஆரமுள்ள பெரிய இறங்குதளத்தைத் தேர்ந்தார்கள். அதன் நடுவிலிருந்து 47 மீட்டர் தள்ளி வந்து இறங்கியது. கோட்டுக்கு உள்ளேதான். எங்கே இறங்கினோம் என்று அதற்குத் தானாகத் தெரியாது; அது எடுத்த படங்களைச் சுற்றுவட்டக் கலத்தின் படங்களோடு பொருத்திப் பார்த்துப் பூமியில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து பறப்புக்கென்று போனது 72 முறை பறந்தது. காற்றில் இருந்த நேரம் இரண்டு மணிக்கும் மேல். கடந்த தூரம் 17 கிலோமீட்டர். கடைசிப் பறப்பு 2024 ஜனவரி 18. செங்குத்தாகப் பன்னிரண்டு மீட்டர் ஏறி, சில விநாடி நின்று, இறங்க வேண்டும். அவ்வளவே. ஆனால் கீழே இருந்தது அலையலையாகப் படிந்த மணல். கல் இல்லை, முனை இல்லை, மூலை இல்லை. புறப்பட்டு இருபது விநாடியிலேயே படத்தில் பிடித்துக்கொள்ளப் போதுமான புள்ளி கிடைக்கவில்லை. பக்கவாட்டில் நழுவுவது அதற்குச் சரியாகத் தெரியவில்லை. நழுவிய வேகத்திலேயே மணற்சரிவில் மோதியது. உடல் சட்டென்று சாய்ந்ததில் நான்கு இறக்கைகளும் நுனிப்பக்கம் முறிந்தன. அந்த அதிர்வில் ஒன்று அடியோடு பிய்ந்து பதினைந்து மீட்டர் தள்ளி விழுந்தது. அத்தோடு பறப்பு முடிந்தது.

கூட ஒரு கேமரா வைத்திருந்தால் தப்பியிருக்குமே என்று பலர் நினைப்பதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு கண் வைத்துத் தூரம் பார்ப்பதென்றால், இடக்கண் பார்த்த புள்ளியையே வலக்கண்ணும் பார்த்திருக்க வேண்டும். பிடித்துக்கொள்ளப் புள்ளியே இல்லாத மணலில் இரண்டு கண்ணும் சேர்ந்தே தவிக்கும். போதாததற்கு, அவ்வளவு சின்ன உடம்பில் இரண்டு கேமராக்களுக்கு நடுவே சில அங்குலமே இடம் கிடைக்கும். பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் அந்த இடைவெளியால் பெரிய பலன் இல்லை. கிராம் கிராமாக எடை பார்த்துக் கட்டிய இயந்திரத்தில் ஒரு கேமராவும் ஓர் உயரமானியும் போதும் என்று எடுத்த முடிவு சரியான முடிவு என்றே நான் சொல்வேன். அங்கே பற்றாக்குறை தரையில்தான் இருந்தது. சக்கரத்தில் உருளும் ரோவருக்குச் சந்தேகம் வந்தால் நின்றுவிடலாம், பூமியைக் கேட்டுவிட்டுப் புறப்படலாம். பறப்பதற்கு அந்த வசதி இல்லை. எங்கேயாவது இறங்கியே ஆக வேண்டும்.

அடுத்துப் புறப்படத் தயாராவது டிராகன்ஃபிளை என்ற பறக்கும் கலம். எட்டுச் சுழலிகளோடு, ஏறக்குறைய ஒரு கார் அளவில் இருக்கும். 2028-இல் கிளம்பி, 2034-இல் சனிக்கோளின் நிலவான டைட்டனைச் சேர வேண்டும் என்பது திட்டம். அங்கே செய்தி போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அது முதலில் இறங்கப் போகும் ஷாங்ரிலா பகுதி மணல்மேடுகள் வரிசை வரிசையாக நீளும் இடம். அதற்கும் கேமரா உண்டு, கூடவே லேசர் கருவிகளும் உண்டு. கருவிகளைவிட, அது பறக்கப் போகும் முறைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. புது இடத்தின் மேலே முதலில் போய்ப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்த இடத்துக்கே திரும்பி வந்து இறங்கும். எடுத்த படங்களைப் பூமியில் உள்ளவர்கள் பார்த்து, இந்தத் தரையை நம்பலாம் என்று சொன்ன பிறகு, அடுத்த பறப்பில்தான் அங்கே கால் வைக்கும்.