பழைய வண்டி சொல்லும் பாடம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் நம் தலைமையாசிரியர் அவர்கள், "அந்தப் பழைய லேண்ட்ரோவரைப் பற்றிப் பேசுங்கள், பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள்" என்று சொல்லிவிட்டார். தோட்டத்துக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் நாங்கள் பிரித்து மேய்ந்துகொண்டிருக்கும் அந்த வண்டியைப் பார்த்து, "வாத்தியாருக்கு வேற வேலை இல்லையா? இந்தத் தகரத்தை வாங்கி என்ன செய்யப் போறாரு?" என்று கேட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கும் இது ஒரு வாய்ப்பு.

முதலில் அந்த வண்டியின் பிறப்பைச் சொல்லுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மோரிஸ் வில்க்ஸ். ஆங்கிள்சி தீவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்துப் பண்ணை வேலை செய்தார். ஜீப்பைப் போலவே உழைக்கும் வண்டியை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் லேண்ட்ரோவர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அதை உலகத்துக்குக் காட்டினார்கள்.

போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில்தான் கிடைத்தது. அலுமினியம் தாராளமாக இருந்தது. ஆகவே சட்டத்தை எஃகிலும் மேல் உடலை அலுமினியக் கலவையிலும் செய்தார்கள். ஆரம்ப வண்டிகளின் வெளிர்பச்சைச் சாயம்கூட விமானங்களுக்கு அடித்து மிஞ்சியதுதான். இல்லாத பொருளை நினைத்து அழாமல், இருப்பதை வைத்து ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இந்தக் குணம் நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல.

அதே 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் நாட்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. காட்டோரத் தோட்டங்களில் துரைமார் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்து ஓட்டிய காலம் அது. போலீசும் இராணுவமும் லேண்ட்ரோவரில் சுற்றின. அவசரகாலம் போன பிறகும் அது தோட்டத்தை விட்டுப் போகவில்லை. சேற்றுப் பாதையில், மழையில், ஏற்றத்தில் ஓட வேறு வண்டி ஏது? இன்றும் கேமரன் மலைக்குப் போனால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பாதைகளில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பழைய லேண்ட்ரோவர்கள் ஓடுவதைப் பார்க்கலாம்.

நம் பாட்டன்மாருக்கு அது துரையின் வண்டி. அது வரும் சத்தம் கேட்டாலே நிரையில் நிற்பவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஏறிப் போனவர் துரை. பல தோட்டங்களில் அதை ஓட்டியவரும், கழுவியவரும், நடுவழியில் நின்றால் சேற்றில் படுத்துச் சரிசெய்தவரும் நம்மவர்தாம். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

நான் வாங்கிய வண்டி சீரிஸ் 2ஏ என்ற வகை. 1961 முதல் 1971 வரை செய்யப்பட்டது. முன்னால் மூவர் அமரும் சிறு அறை, பின்னால் திறந்த தொட்டி. பிக்கப் என்று சொல்லுவோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் மூலையில், கூரை இழந்த கொட்டகையில் கிடந்தது. செமினி வட்டாரத்தில் அப்படிப்பட்ட இடங்களை நான் விளக்கத் தேவையில்லை.

இப்படி ஒரு வண்டியை வாங்க ஆசைப்படும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். சாயத்தைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் கிராண்டைக் கேளுங்கள். அதிலுள்ள சட்ட எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பெயர் மாற்றும்போது பரிசோதனை நிலையத்தில் அதைத்தான் பார்ப்பார்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுப் பத்திரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். கிராண்ட் இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் பழைய இரும்புதான்.

அடுத்து, வண்டிக்கு அடியில் படுங்கள். அலுமினிய உடல் துருப்பிடிக்காது. எஃகுச் சட்டம் பிடிக்கும். அந்தச் சட்டம் பெட்டி போல உள்ளே வெற்றாக இருப்பதால் சேறு புகுந்து, உள்ளிருந்தே அரிக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் நல்ல இரும்பு. 'பொத்' என்றால் கரையான் பிடித்த கட்டை மாதிரி. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை முக்கியமாகத் தட்டிப் பாருங்கள். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இரண்டு உலோகமும் நீரும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரி போல வேலை செய்வதுதான் காரணம். துருவைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தினால் தூங்குகிற பையன், வண்டிக்கு அடியில் கேட்டால் மறக்கமாட்டான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கடன் வாங்கி இதில் இறங்காதீர்கள். இது ஆசைக்குச் செய்வது, பிழைப்புக்கு அல்ல. வீட்டுச் செலவு போக மிஞ்சியதில், ஒவ்வொரு உறுப்பாகச் செய்தால் போதும். அவசரப்பட்டால் பணமும் போகும், ஆசையும் போகும்.

வாங்கிவிட்டோம். செப்பனிடுவது எப்படி? ஓட வைப்பதற்கு முன் நிற்க வைக்க வேண்டும். ஆகையால் நாங்கள் இஞ்சினைத் தொடுவதற்கு முன் பிரேக்கைத்தான் பிரித்தோம். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதை ஊதவும் கூடாது, உலரத் துடைக்கவும் கூடாது. அந்த வேலை நடந்த நாட்களில் பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது என்பதும் எங்கள் கொட்டகைச் சட்டம்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை வேறு. கழற்றிய ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, பால்டின்னில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று சீட்டு எழுதி ஒட்டவேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் மறுபடி எழுதவேண்டும். கட்டுரை நோட்டில் ஒற்றுப் பிழை விடுகிறவன் அந்தச் சீட்டில் விடுவதில்லை! நான்கு சிலிண்டரும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும் என்பதை நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல் சொல்லுவார்கள். மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும், சிவப்புக் குமிழ்க் கம்பி மெதுவான, பலமான கியருக்கு என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் பயிற்சிக் கல்லூரியில் கற்றது பாடம் நடத்த. இஞ்சின் பிரிக்க அல்ல. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இந்தத் தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பதினான்கு வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். தம் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள்.

பழுதுபார்க்கும் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துத் தமிழில் சொல்லுவேன். அவர் கேட்டுக்கொண்டு, "வாத்தியாரே, புத்தகம் சொல்றது சரி. ஆனா இந்த வண்டி அந்தப் புத்தகத்தைப் படிக்கலையே!" என்பார். நீளமான திருப்புளியின் நுனியை இஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "மேலே டிக் டிக்னு கேட்டா டேப்பட். கீழே டொக் டொக்னு கேட்டா பேரிங். பேரிங்னா உடனே நிறுத்திடணும்." டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சீரிஸ் 2ஏ வண்டியில் முதல் இரண்டு கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. கீழ் கியருக்கு இறங்க, கிளட்சை ஒருமுறை மிதித்து நடுவுக்குக் கொண்டுவந்து, விட்டு, கொஞ்சம் எண்ணெய் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடவேண்டும். தவறினால் பல்சக்கரம் கதறும். எனக்கு இது பிடிபடப் பல வாரங்கள் ஆயின. தாத்தா பேசிக்கொண்டே போடுகிறார். சத்தமே வராது.

இப்படிப்பட்டவரிடம் ஒரு துண்டுச் சான்றிதழ்கூட இல்லை. என்னிடம் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. அரசாங்கம் என்னை ஆசிரியர் என்று ஏற்றுக்கொள்கிறது. அவர் கையில் இருப்பது ஐம்பது ஆண்டுப் படிப்பு; அதற்குக் காகிதம் இல்லை. அவர் மகனும் இருபது ஆண்டுகளாக ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். அங்கேயும் இதே கதைதான். புதிதாக வந்த பையனிடம் சான்றிதழ் இருந்ததால், அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்த இவரைவிட அவனுக்குச் சம்பளம் கூடுதல்.

பெற்றோர்களே, தொழிலாளத் தோழர்களே, இதைக் கவனித்துக் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. எஸ்.கே.எம். என்பார்கள். அதைப் பயிற்சி நிலையத்தில் படித்தும் பெறலாம். பல ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர், தம் வேலையின் சான்றுகளைத் திரட்டிக் காட்டி, மதிப்பீட்டில் தேறியும் பெறலாம். பி.பி.தி. என்று அதற்குப் பெயர். திறன் மேம்பாட்டு இலாகாவான ஜே.பி.கே.யில் விசாரிக்கவேண்டும். இதைத் தாத்தாவிடம் சொன்னபோது, "எனக்கு எதுக்கு வாத்தியாரே இனிமே? மகனுக்கு எழுதிக் குடுங்க" என்றார். இப்போது அவருடைய மகனும் நானும் அந்தச் சான்றுகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். பாரம் நிரப்பத் தெரியவில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். சனிக்கிழமை கொட்டகைக்கு வாருங்கள். எழுத நான் இருக்கிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஒழுங்காப் படிக்கலைன்னா கிரீஸ் துடைக்கத்தான் போவே" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். அவன் அப்பா கிரீஸ் துடைத்த கையால்தானே அவனுக்குச் சோறு வந்தது? கைவேலை படிப்புக்குத் தண்டனை அல்ல. அதுவும் ஒரு படிப்பு. அதேபோல், "எனக்குத்தான் கைத்தொழில் வருமே, புத்தகம் எதற்கு?" என்று எந்த மாணவனும் நினைக்கவேண்டாம். தாத்தாவின் காதும் வேண்டும், சீட்டில் பிழையின்றி எழுதும் கையும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்ததால் நம்மவர்கள் பட்டது போதும்.

லேண்ட்ரோவர் பழைய பாணி வண்டி 2016 ஜனவரியோடு உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் உறுப்புகள் இன்னும் கிடைக்கின்றன. சட்டமே மக்கிப் போனாலும் புதிய சட்டம் செய்து விற்கிறார்கள். தாத்தா போன்றவர்களின் அறிவுக்கு உதிரி உறுப்பு எங்கும் கிடைக்காது. தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்போது பட்டறைகளும் போகின்றன. பட்டறை மனிதர்களுக்கும் வயதாகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். பால்வெட்டில் கத்தி பிடிக்கும் நுணுக்கமோ, தச்சு வேலையோ, தையலோ, எதுவாகவும் இருக்கலாம். இந்த விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை வெளியிட ஆசிரியர்கள் நாங்கள் ஆவன செய்வோம்.

வண்டி இன்னும் முடியவில்லை. கம்பி இணைப்பு வேலை பாக்கி, பரிசோதனை பாக்கி. அது சாலையில் இறங்கும் நாளில் முன்னிருக்கையில் முதலில் அமரவேண்டியவர் யார் என்பதைப் பிள்ளைகள் இப்போதே முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவில் எனக்கும் முழுச் சம்மதம்.

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் பாராட்டு. பரிசு பெறாத மாணவர்களுக்கு என் அன்பு.