குமாவுன் மலைநாட்டுச் சங்கராந்திகள்



தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம்மவர்க்கு மாதப் பிறப்பு சற்றுத் தனிமையான நாள். ஆடி பிறந்தது என்று நாம் வீட்டில் பாயசம் வைக்கும் வேளையில், அண்டை வீட்டார்க்கு அது மாதத்தின் நடுவே வரும் ஏதோ ஒரு நாள். வடநாட்டுச் சமவெளி மக்களிற் பெரும்பாலோர் சந்திரனைக் கொண்டு மாதத்தைக் கணக்கிடுகின்றனர். பௌர்ணமியோடு அவர்களுடைய மாதம் முடிகிறது. நாமோ சூரியன் ஒரு ராசியை விட்டு மற்றொரு ராசியிற் புகும் சங்கராந்தியைக் கொண்டு எண்ணுகிறோம். ஆகவே நம் நாளும் அவர்கள் நாளும் ஒன்றுபடுவது அரிது.

ஆயினும் வடக்கே ஒரு மலைநாடு இவ்விஷயத்தில் நம்மோடு நிற்கிறது. அதுவே குமாவுன். நம் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவர் அல்மோராப் பக்கத்துக்காரர் என்றால், ஆடி முதல் நாளன்று அவருடைய காதோரத்தில் இளமஞ்சள் நிறமான சில முளைகள் செருகியிருப்பதைக் காணலாம். அந்த முளைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

குமாவுன் என்பது இமயமலைச் சாரலில், இன்றைய உத்தராகண்டம் மாநிலத்தின் கிழக்குப் பகுதி. அல்மோரா, பாகேசுவர், பித்தோராகட், சம்பாவத், நைனிதால், உத்தம்சிங் நகர் என்னும் ஆறு மாவட்டங்கள் இதில் அடங்கும். முற்காலத்தில் கத்யூரி அரசரும் பின்னர்ச் சந்த் மரபினரும் இதனை ஆண்டனர். 1790-இல் கூர்க்கர் கைப்பற்றினர். 1815-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய சிறு வயல்களே இங்குள்ள மக்களின் வாழ்வு. மழையையும் வெயிலையும் நம்பிய அந்த வாழ்வுக்கு ஏற்ப, அவர்களுடைய முக்கியமான விழாக்களுட் பல சங்கராந்தி நாட்களிலேயே அமைந்துள்ளன.

ஆடி முதல் நாள் வருவது ஹரேலா. கடக சங்கராந்திக்கு ஒன்பது அல்லது பத்து நாட்களுக்கு முன், சிறு கூடைகளில் மண்ணை இட்டு, கோதுமை, வாற்கோதுமை, சோளம், உளுந்து, கொள்ளு முதலிய ஐந்து அல்லது ஏழு வகைத் தானியங்களை விதைப்பர். வெயில் படாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளிப்பர். வெளிச்சம் காணாததால் முளைகள் பச்சையாக இராமல் பொன்னிறமாக எழும்பும். களிமண்ணாற் சிவபெருமான் குடும்பத்து உருவங்களைச் செய்து வழிபடுவதும் உண்டு. சங்கராந்தியன்று முளைகளை அறுத்துத் தெய்வத்துக்குப் படைத்தபின், வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவர் தலையிலும் அவற்றை வைத்து, நீண்ட ஆயுளும் நிறைந்த வளமும் பெறுக என வாழ்த்துவார். நம் தென்பாண்டி நாட்டு அம்மன் விழாக்களில் பெண்கள் இருட்டறையில் வளர்த்துத் தலையிற் சுமந்து செல்லும் முளைப்பாரியை அறிந்தவர்க்கு இதில் வியப்பு இராது. விதையின் வீரியத்தைப் பருவம் தொடங்குமுன் பார்த்துக்கொள்ளும் உழவரின் அறிவு இரண்டிலும் தெரிகிறது.

ஹரேலாவில் ஒரு முறைமை நம் கவனத்துக்கு உரியது. குடும்பம் பாகம் பிரியாதவரையில் ஒரே இடத்தில்தான் முளையிடுவர். பிள்ளைகள் பம்பாயில் இருக்கலாம், எல்லையிற் காவல் புரியலாம். ஊரில் உள்ள ஒரு கூடை அனைவருக்கும் பொது. சொத்துப் பிரிந்து அடுப்புப் பிரிந்த பின்னரே தனிக்கூடை. தொலைவில் இருப்பவர்க்கு முளைகளை உறையில் வைத்துத் தபாலில் அனுப்பும் வழக்கமும் நெடுநாளாக இருந்து வருகிறது. கடிதத்தைப் பிரித்தவுடன் உலர்ந்த முளைகள் கையில் விழும். அவற்றைத் தலையில் வைத்துக்கொண்டால், வீட்டுப் பெரியவரின் கை தலையிற் பட்டதாகவே பொருள்.

தை முதல் நாள் மகர சங்கராந்தி. குமாவுனில் இதனை உத்தராயணி என்றும் குகுதியா என்றும் அழைப்பர். கோதுமை மாவில் வெல்லப்பாகு சேர்த்துப் பிசைந்து, புறா, வாள், கேடயம், உடுக்கை, மாதுளம்பூ ஆகிய வடிவங்களிற் பொரித்து, இடையிடையே ஆரஞ்சுப் பழத்தையும் கோத்து மாலையாக்கிக் குழந்தைகள் கழுத்தில் அணிவிப்பர். பெரும்பாலான ஊர்களில் மறுநாட் காலையில் குழந்தைகள் முற்றத்தில் நின்று காக்கையைக் கூவி அழைத்து அப்பலகாரத்தை வழங்குவர். அதே மறுநாட் காலையில் நம் வீட்டுப் பெண்கள் மஞ்சளும் குங்குமமும் கலந்த அன்னத்தை இலையில் வைத்துக் கனுப்பிடி இட்டு, உடன்பிறந்தார் நலத்தை வேண்டிக் காக்கையை அழைப்பதை நேயர்கள் அறிவர். இமயத்தின் சரிவிலும் காவிரிக் கரையிலும் ஒரே விடியலில் காக்கைக்கு விருந்து! இரண்டுக்கும் தொடர்பு ஏதேனும் உண்டா என்று ஆராய்வது அறிஞர் வேலை. நமக்கு அந்த ஒற்றுமையே போதும்.

பங்குனி முதல் நாள் பூல் தேயி. 'தேயி' என்றால் வாசற்படி. பனிக்காலம் முடிந்து, காட்டில் புராம்சு மரம் செந்நிறமாகப் பூத்துக் குலுங்கும் காலம் அது. சிறுவர் சிறுமியர் விடியலில் பூக்கூடை ஏந்தி வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு வாசற்படியிலும் பூத்தூவி வீட்டார் நலமாக இருக்க வேண்டுமென்று பாடுவர். வீட்டார் அரிசியும் வெல்லமும் காசும் தருவர். அம்மாதம் முழுவதும் 'பிடௌலி' நடைபெறும். மணமாகிச் சென்ற பெண்ணைக் காண அவளுடைய சகோதரன் பலகாரமும் துணியும் கொண்டு செல்வான். பொங்கற் சீர் எடுத்துச் செல்லும் நம் வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம்.

ஆவணி முதல் நாள் நெய்ச் சங்கராந்தி. அன்று நெய் உண்ணாதவர் மறுபிறவியில் நத்தையாகப் பிறப்பர் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவர். புரட்டாசி முதல் நாள் கதருவா. தொழுவத்தைத் துப்புரவு செய்து, மாடுகளுக்குப் பசும்புல் ஊட்டி, ஊர்ப்பொதுவில் தீ மூட்டுவர். இவ்வாறு ஆண்டின் சுற்றில் விதைக்கும் காக்கைக்கும் வாசற்படிக்கும் மாட்டுக்கும் தனித்தனியே நாள் உண்டு.

விழாக்கள் போலவே உழைப்பும் அங்கே பொதுவானது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் நாற்று நடும்போது, ஒருவர் உடுக்கை முழக்கி நாட்டு வீரர் கதைகளைப் பாடிக்கொண்டே வயலில் நடப்பார். நடவு செய்யும் பெண்கள் அடியைத் திருப்பிப் பாடுவர். இதற்கு 'ஹுட்கியா பௌல்' என்று பெயர். இன்று ஒருவர் வயல், நாளை மற்றொருவர் வயல் என்று ஊரே மாறி மாறி நடும். நம் நடவுப் பாடல்களின் ஒலி நினைவில் உள்ளவர்க்கு இது அயலாகத் தோன்றாது.

இத்தகைய கூடிவாழும் பழக்கம் வெறும் களிப்புக்கு மட்டும் உரியதன்று என்பதை 1921-ஆம் ஆண்டு காட்டியது.

ஆங்கில ஆட்சியில் குமாவுன் உழவர்மீது ஒரு கொடுஞ்சுமை இருந்தது. அதிகாரிகளும் வேட்டைக்கு வந்த துரைமார்களும் மலைவழியே செல்லும்போது அவர்களுடைய மூட்டைகளை ஊரார் சுமக்க வேண்டும். தங்கும் இடத்தில் விறகு, பால், தானியம் ஆகியவற்றையும் தர வேண்டும். இதற்குச் சரியான கூலி இல்லை; பல வேளைகளில் கூலியே இல்லை. யார் முறை எப்போது என்பதை ஊர்த் தலைவர்கள் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தனர். அறுவடைக் காலமாயினும் முறை வந்தால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் செல்ல வேண்டியதே. 'கூலி பேகார்' என்று இதற்குப் பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லைக் கண்டதும் சற்றுத் தயக்கம் ஏற்படுகிறது. தமிழில் கூலி என்றால் ஊதியம். அங்கேயோ அது ஊதியமற்ற சுமையின் பெயராயிற்று. 'பேகார்' என்பதற்கு நேரான சொல்லைத் தேடினால் நம் கல்வெட்டுகளில் அது கிடைக்கிறது. ஊதியமின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பைச் சோழர் காலத்தில் 'வெட்டி' என்றனர். இன்று நாம் 'வெட்டி வேலை' என்று விளையாட்டாகச் சொல்லும் சொல்லுக்குள் எத்தனையோ முதுகுகளின் வலி அடங்கியிருக்கிறது.

இந்தப் பேகாரை ஒழிக்க 1916-இல் தோன்றிய குமாவுன் பரிஷத் பாடுபட்டது. அல்மோராவிலிருந்து வெளிவந்த 'சக்தி' வார இதழின் ஆசிரியர் பத்ரி தத்த பாண்டே அதனை இடைவிடாது கண்டித்து எழுதினார். மனுக்கள் சென்றன, விடை கிடைக்கவில்லை. அப்போது தலைவர்கள் மக்களிடம் செல்வது என முடிவு செய்து, 1921 ஜனவரி உத்தராயணியைத் தேர்ந்தெடுத்தனர்.

சரயுவும் கோமதியும் கூடும் இடத்தில் பாகேசுவர் என்னும் சிற்றூர் உள்ளது. இந்தச் சரயுவின் நீரே காளி, காக்ரா நதிகளின் வழியாகப் பின்னர் அயோத்தியை அடைகிறது. உத்தராயணியன்று ஆற்றில் நீராடிப் பாகநாதரைத் தொழவும், சந்தையில் பொருள் வாங்கவும் மலையெங்கும் இருந்து மக்கள் திரள்வர். திபெத்து எல்லையிலிருந்து போட்டியா வணிகர் கம்பளியும் உப்பும் கொணர்ந்து விற்ற சந்தை அது. 1962-ஆம் ஆண்டுப் போருடன் அந்த வாணிகம் நின்றது. 1921-இலும் மக்கள் வழக்கம்போல் அச்சந்தைக்கு வந்தனர். சூரியன் மகரத்திற் புகுந்ததே அவர்களுக்கு அழைப்பு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். பத்ரி தத்த பாண்டே, ஹரகோவிந்த பந்த், சிரஞ்சிலால் ஆகியோர் பேசினர். டிப்டி கமிஷனர் தலைவர்களை வெளியேறும்படி உத்தரவிட்டார், அவர்கள் இணங்கவில்லை. இனிப் பேகார் சுமப்பதில்லை என்று மக்கள் சரயுவின் நீரைக் கையிலேந்திச் சபதம் செய்தனர். ஊர்த் தலைவர்கள் தாங்கள் கொண்டுவந்த பதிவேடுகளை ஆற்றில் எறிந்தனர். துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு தலையும் உருளவில்லை. பல தலைமுறைச் சுமை நீரோடு போயிற்று. அவ்வாண்டிலேயே சர்க்காரும் அம்முறையைக் கைவிட நேர்ந்தது. காந்தியடிகள் 1929-இல் பாகேசுவருக்கு வருகை தந்தார். பாண்டே 'கூர்மாசல கேசரி' என்று போற்றப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தனித்தனி ஊரில் தனித்தனி உழவனாக நின்று, சுமக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவனுக்குத் தண்டனை மட்டுமே கிடைத்திருக்கும். ஆண்டுதோறும் தவறாமல் ஓரிடத்தில் கூடும் பழக்கம் இருந்தமையால், ஆயிரம் ஊர்களின் மறுப்பு ஒரே குரலாயிற்று. குழந்தையின் கழுத்திலுள்ள பலகார மாலையும் ஆற்றில் மிதந்த பதிவேடும் ஒரே நாளைச் சேர்ந்தவை. விழா என்பது மக்கள் ஒருவரையொருவர் மறவாதிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு. தேவை வரும்போது அது வலிமையாகிறது.

இன்று அந்த மலைக்கு வேறொரு சோதனை வந்துள்ளது. கல்வியையும் மருத்துவத்தையும் வேலையையும் தேடி இளைஞர் சமவெளிக்கு இறங்குகின்றனர். வயலிற் பன்றியும் குரங்கும் செய்யும் அழிவு, எஞ்சியிருப்போரையும் சலிப்படையச் செய்கிறது. 2001-இல் சுமார் 6,30,000-ஆக இருந்த அல்மோரா மாவட்ட மக்கட்தொகை 2011-இல் சுமார் 6,22,000-ஆகக் குறைந்தது. உத்தராகண்டத்தில் ஆளற்ற கிராமங்கள் ஆயிரத்துக்கும் மேல் என்று 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் கூறிற்று. அதற்குப்பின் மேலும் 734 கிராமங்கள் வெறுமையாயின என்று மாநில அரசின் குடிபெயர்வு ஆணையம் 2018-இல் அறிவித்தது. பூத்தூவக் குழந்தைகள் இல்லாத வாசற்படிகள் அங்கே பல. முளை வளர்ந்தாலும் அதைத் தலையில் வைத்துக்கொள்ளப் பேரப்பிள்ளைகள் அருகில் இல்லாத முதியோரும் பலர். முன்பு மூட்டையைச் சுமக்க மறுத்து ஊர் நிமிர்ந்தது. இன்று பிள்ளைகளே மூட்டை கட்டிக்கொண்டு செல்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. நாமும் அப்படி வந்தவர்கள்தாமே!

ஆயினும் சென்றவர்கள் வெறுங்கையோடு செல்லவில்லை. தில்லியிலும் லக்னோவிலும் ஹல்த்வானியிலும் குமாவுன் மக்கள் மாடிக் குடியிருப்பின் மூலையில் தானியம் விதைக்கின்றனர். உத்தராயணி விழா நடத்துகின்றனர். ஆனால் ஊர்க்கூடையும் முளைக்கிறதா என்பதே கேள்வி. நகரத்துக் கூடை எத்தனை செழித்தாலும், அது பாகம் பிரிந்த கூடைதான். ஊரில் ஒரு கதவாவது திறந்திருந்தால், ஒரு கிழவியாவது விதையிட்டால், எங்கெங்கோ இருக்கும் பத்துப் பேரும் ஒரே குடும்பம். அக்கதவு மூடிய நாளில் எவரும் கையெழுத்திடாமலே பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது.

இது குமாவுனுக்கு மட்டும் உரிய செய்தியன்று. தஞ்சையிலோ நெல்லையிலோ நம் ஊர் வீட்டில் இன்று விளக்கேற்றுபவர் யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது. ஆண்டுக்கொருமுறை அம்மன் கொடைக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போய்வருவது பயணச் செலவைப் பார்த்துத் தீர்மானிக்கும் காரியமன்று. ஊரிலுள்ள பெரியவர் நமக்காக ஒரு கூடையில் நீர் தெளித்துக் காத்திருக்கிறார் என்பதை நினைத்தால் போதும்.

வருகின்ற ஆடி முதல் நாளில் அலுவலகத்தில் குமாவுன் நண்பரைக் கண்டால், இன்று ஹரேலா அல்லவா என்று கேளுங்கள். பஞ்சாங்கம் நமக்கும் அவருக்கும் ஒன்றே என்று அறிந்தால் அவர் மகிழ்வார். முளை ஊரிலிருந்து வந்ததா, இங்கேயே விதைத்ததா என்பதையும் மெல்லக் கேளுங்கள். அவர் சொல்லும் விடை நம் வீட்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.