பெயரன் தேடும் பெயர்கள்



நாம் இன்று கூடியிருக்கும் அம்பாங், நீரைத் தடுக்கும் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லடியாகப் பெயர் பெற்ற ஊர். ஈயச் சுரங்கங்கள் மறைந்த பின்னரும் அவற்றின் வரலாற்றை ஊர்ப்பெயர் சுமந்து நிற்கிறது. கெப்போங்கில் எடின்பரோ என்றும், கிள்ளானில் ஹைலண்ட்ஸ் என்றும் தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இரண்டும் ஸ்காட்லாந்துப் பெயர்கள். 1821இல் சிங்கப்பூரில் கத்ரி நிறுவனத்தைத் தோற்றுவித்த அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்துக்காரர். நம்மவர் பலரை ஏற்றிவந்த ‘ரஜூலா’ கப்பலும் 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டதே. ஒரே தோட்டத்தில் வாழ்ந்த ஸ்காட்லாந்துத் துரையின் பெயரனும் தமிழ்த் தொழிலாளியின் பெயரனும் இன்று தத்தம் முன்னோரைத் தேடப் புறப்பட்டால் இருவர்க்கும் என்ன கிடைக்கும்? இவ்வினாவையே இன்று ஆராய விழைகிறோம்.

துரையின் பெயரனுக்கு வழி எளிது. ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவது 1855 சனவரி முதல் நாள் கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட காலத்திற்குத் திருச்சபைப் பங்குகளின் ஏடுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பழையது 1553இல் தொடங்குகிறது. குடிக்கணக்கு ஏடுகள் 1841 முதல் ஆள்பெயர்களைத் தருகின்றன. இறப்புப் பதிவில் தந்தை பெயரோடு தாயின் பிறந்தகக் குடும்பப் பெயரும் இடம்பெறும். ஆகவே ஓர் ஏடு கிடைத்தால் அதற்கு முந்திய தலைமுறைக்கு இருவழியாகவும் கதவு திறக்கும். இவை அனைத்தும் எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. கணினி வழியாகவும் காணலாம்.

தொழிலாளியின் பெயரனுக்கோ வழி கரடுமுரடானது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின் கங்காணி முறையே மேலோங்கியது. உரிமச்சீட்டுப் பெற்ற கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டினார். அவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறினர். 1938இல் இந்திய அரசு இவ்வாள்சேர்ப்பைத் தடை செய்தது. இங்கே, காலைப் பெரட்டில் கிராணி ஆளைக் குறித்தது நாட்கூலி கணக்கிடுவதற்கே, வழிமுறையைக் காப்பதற்கன்று. ஆளைக் கணக்கிட்ட ஏடு, அவன் யார் மகன் என்று கேட்கவேண்டிய தேவை இல்லாதிருந்தது. சப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்குச் சென்று மீளாதவர் பலருக்கு இறப்புப் பதிவும் இல்லை.

நம் பெயரிடு மரபும் தேடலைக் கடினமாக்குகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். ழகர றகரங்களை ஆங்கில எழுத்தில் அடைக்க முயன்ற எழுத்தர்கள் ஒரே மனிதரை நான்கு வகையாக எழுதினர். ஆயினும் அதே மரபு ஒரு திறவுகோலையும் தருகிறது. பாட்டன் பெயரைத் தாங்குவதால் அன்றோ அவன் ‘பெயரன்’ ஆனான்! மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரிடுவது ஸ்காட்லாந்தியரிடையேயும் வழக்கமாயிருந்தது. வழிமுறை தேடுவோர் அதனை அங்கே சான்றாகக் கொள்கின்றனர். நாமும் கொள்ளலாம்.

இது வெறும் ஆர்வத் தேடலன்று. 1957 ஆகஸ்ட் 31 முதல் இந்நாட்டில் பிறந்தோர்க்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. 1962இல் அவ்விதி மாறி, பெற்றோரின் நிலையும் கணக்கில் கொள்ளப்பட்டது. அதன்பின் தாய் தந்தையின் ஆவணம் பிள்ளையின் வாழ்வாயிற்று. தோட்டத்து லயத்தில் பிறந்து, பதியப்படாது போன ஒரு பிறப்பு, மூன்று தலைமுறைக்குப் பின்னும் சிவப்பு அடையாள அட்டையாகவோ, பள்ளிச் சேர்க்கையில் தடையாகவோ வந்து நிற்கிறது. பாட்டியின் பெயரைத் தேடுவது பேத்தியின் உரிமையைத் தேடுவதும் ஆகும்.

எங்கே தொடங்குவது? வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். மாணவர்கள் முதியோரிடம் ஐந்து செய்திகளைக் கேட்டெழுதுக: ஊர், வட்டம், குலதெய்வம், அழைத்து வந்த கங்காணி, முதலில் வேலை செய்த தோட்டம். ஊர்ப்பெயர் மறந்தோரும் குலதெய்வத்தை மறப்பதில்லை; அக்கோயில் இருக்குமிடமே பெரும்பாலும் ஊரைக் காட்டிவிடும். பின்னர்ப் பிறப்புச் சான்றிதழ், 1948 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டை, திருமணப் பதிவு, பழைய கடவுச்சீட்டு ஆகியவற்றைப் படியெடுத்து, பெயர் எழுதப்பட்ட வடிவங்கள் அனைத்தையும் குறித்துக்கொள்க. அதன்பின் தேசியப் பதிவிலாகாவும் தேசிய ஆவணக் காப்பகமும். அதற்கும் அப்பால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், சொந்த ஊரின் பட்டா முதலிய நில ஆவணங்களும் உள்ளன. ஏடு தொடங்கித் தேடுவோர் திகைப்பர்; ஊரும் பெயரும் அறிந்து தேடுவோர்க்கே ஏடு விடை தரும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பிலும் ஆண்டுக்கு ஒரு முறை இவ்வைந்து செய்திகளை மாணவர் கட்டுரையாக எழுதட்டும். பள்ளி அதனைப் பேணட்டும். ஸ்காட்லாந்துக்குத் திருச்சபை செய்ததை நமக்குத் தமிழ்ப்பள்ளி செய்ய இயலும். முதியோர் ஒருவர் மறையும்போது ஓர் ஏடே எரிகிறது. அதற்குமுன் எழுதிவிடுவோம்.