பல்லும் ஈறும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் இன்று எடுத்துக்கொண்ட விடயம் பல்லும் ஈறும். இதற்கும் ஒரு சொற்பொழிவா என்று சிலர் புன்னகை செய்யலாம். ஆயினும், ஈறுநோய் பற்றிப் படிக்கும் வைத்திய மாணாக்கர், எந்த நாட்டினராயினும், நமது மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரைப் பற்றியும் படிக்கிறார்கள். இச்செய்தியை நம்மவரிற் பலர் அறியார்.

1970ஆம் ஆண்டிலே, நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாக்களும் டன்சினேன், ஹரோ என்னும் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினர். அத்தொழிலாளர் பல் தூரிகையையும் பல் வைத்தியரையும் அறியாதவர்கள். பராமரிப்பு ஏதுமின்றி விட்டால் ஈறுநோய் எவ்வழியிற் செல்லும் என்பதைக் காண, 15 ஆண்டுகளாக அவர்கள் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள்.

1986இல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 8 பேரிடம் நோய் விரைந்து பரவிற்று; 81 பேரிடம் மெல்லப் பரவிற்று; 11 பேரிடம் ஈறு வீக்கத்தோடு நின்றது. விரைந்து பரவிய கூட்டத்தினர் 20 வயதளவிலேயே பல்லிழக்கத் தொடங்கி, 45 வயதில் ஒரு பல்லும் இல்லாதவராயினர். இத்தனைக்கும் அவர்களிடம் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லை. பல் கெடவில்லை, பல்லைப் பிடித்திருந்த இடமே கெட்டது.

எப்படிக் கெட்டது? பல்லின்மேல் நாள்தோறும் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அதில் வாழும் கிருமிகள் ஈற்றைச் சிவக்கச் செய்கின்றன. நீக்காது விட்டால் அது காரையாக இறுகும். பின்னர் ஈறு விலகி, உள்ளிருக்கும் எலும்பும் கரையும். பெரும்பாலும் வலி இராது. ஆதலால் பல் ஆடும்வரை நாம் அறிவதில்லை.

நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்றுண்டு. லோ 1965இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நல்ல ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கிற்று. மீண்டும் துலக்கவே, ஏறக்குறைய ஒரு வாரத்திற் குணமாயிற்று. துலக்கும்போது இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்துவோர் இதைக் கருத வேண்டும். இரத்தம் வருவது, இன்னும் கவனமாகத் துலக்கு என்னும் எச்சரிக்கையாகும்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

காலையிலும், இரவு படுக்குமுன்னும், இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரவுத் துலக்கலே நம்மிடம் பெரிதும் விடுபடுகிறது. மிருதுவான தூரிகையை, பல்லும் ஈறும் சேருமிடத்தில் சாய்த்து வைத்து மெதுவாக அசையுங்கள். கரித்தூளும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும், அவற்றை விடுங்கள். புளோரைட் சேர்ந்த பற்பசை நல்லது. துப்பியபின் அதிக நீரால் கொப்பளிக்க வேண்டாம்.

தேநீர் பல்லுக்குப் பகையன்று. உடன் சேரும் சீனியே பகை. கையிற் சீனியை வைத்து, நாளுக்குப் பலமுறை நக்கிக்கொண்டு தேநீர் குடிக்கும் வழக்கத்தைக் குறைப்போம். அன்று பெரியவர்களிடம் இல்லாத சொத்தையை இன்று பிள்ளைகளிடம் காண்கிறோம்.

வெற்றிலையைப் பற்றி மூத்தோர் மனம் நோகாமற் சொல்ல விரும்புகிறேன். குளிரிலும் மழையிலும் மலையேறுவோருக்கு அது ஒரு துணை என்பதை அறிவேன். ஆயினும் நம் நாட்டு ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. புகையிலையை நீக்கினாலும் பாக்கு தனியே தீங்கு செய்யும். வாயில் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் தழும்போ, வாய் திறக்க இறுக்கமோ காணப்பட்டால், உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கிருந்து பேராதனைப் பல் வைத்தியசாலைக்கும் அனுப்புவார்கள்.

அன்பர்களே! நம் பாட்டன்மாரின் வாயைப் பார்த்து உலகம் ஒரு பாடம் கற்றது. அப்பாடம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் லயத்து வாசலுக்கு வந்து சேர வேண்டாமா? அதைக் கொண்டு சேர்ப்பது படித்த வாலிபரின் கடமை. இங்குள்ள ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ இன்றிரவே முறையாகத் துலக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு மூத்தவரின் வாயை விளக்கொளியில் பாருங்கள். இதற்குப் பெரும் பணமோ, பிறர் அனுமதியோ தேவையில்லை.