சிறு தொகையினரின் குரல்

(நெல்லையில் நடைபெற்ற தமிழுணர்வாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

வரும் வழியில் இளைஞர் ஒருவர், "ஐயா, நாலைந்து பேரைத் தில்லிக்கு அனுப்பி என்ன கண்டோம்?" என்று கேட்டார். சினத்தோடுதான் கேட்டார், அச் சினம் நமக்கும் உண்டு. நாடாளுமன்றத்தில் பேசும் நேரம் கட்சியின் தலையெண்ணிக்கைப்படி பங்கிடப்படுகிறது. சிறு கட்சியினர்க்குச் சில மணித்துளிகளே கிட்டும். அதற்குள் ஓர் இனத்தின் குறையை எப்படிச் சொல்லி முடிப்பது? ஆயினும் அவ் வினாவிற்கு இந் நெல்லை மண்ணிலேயே ஒரு விடை பிறந்தது.

இதோ, அருகிலிருக்கும் பேட்டையில் 1896 சூன் 5இல் பிறந்தவர் முகம்மது இசுமாயில். காயிதே மில்லத்து என்று மக்கள் அழைத்த பெருமகன். நாட்டுப் பிரிவினைக்குப் பின் அரசியலமைப்பு அவையில் முசுலிம் லீகின் சார்பில் எஞ்சியிருந்தோர் மிகச் சிலர், அவருள் ஒருவர். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழிச் சொற்போர் மூன்று நாள் நடந்தது. அங்கே அவர் எழுந்து, பழைமைதான் அளவுகோல் என்றால், இம் மண்ணில் முதலில் வழங்கிய மொழிகள் திராவிட மொழிகளே, அவற்றுள் வளமிக்க இலக்கியமுடையது தமிழே என்னும் கருத்தை அவைநடுவே வைத்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தமிழொன்றையே ஆட்சிமொழியாக்குக என்று மட்டும் அவர் பேசியதாக நம் மேடைகளில் கூறுகிறோம். அது முழுமையன்று. இரு வரிவடிவங்களிலும் எழுதப்படும் இந்துத்தானியையே அவர் தீர்வாக முன்வைத்தார். அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால், இந்திக்கு வழிவிட்ட முன்சி – ஐயங்கார் உடன்பாட்டை வரைந்தவருள் ஒருவர், தமிழ்நாட்டிலே பிறந்த கோபாலசாமி ஐயங்கார் அல்லரோ? பெருங்கட்சியில் இருந்த தமிழர் ஒருவர் அதை வரைந்தார். சிறு கட்சியில் இருந்த நெல்லைத் தமிழர் தமிழின் முதன்மையை எடுத்துரைத்தார். இந்த வேற்றுமை நம் நெஞ்சில் இருக்கட்டும்.

பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரை மக்களவைக்கு அனுப்பியது மலையாள மண்ணின் மஞ்சேரி. நெல்லைத் தொகுதியோ 1967இல் சுதந்திராக் கட்சிக்கும் 1971இல் பொதுவுடைமைக் கட்சிக்கும் ஒப்போலையளித்தது. தம் மண்ணின் மகனை அடுத்த நாட்டார் தேர்ந்தனுப்பிய கதை இது. நமக்குச் சற்று நாணமும் தரவேண்டிய கதை.

1957இல் திராவிட முன்னேற்றக் கழகத்தார் இருவரே மக்களவை புகுந்தனர்: நாமக்கல்லின் ஈ.வெ.கி. சம்பத்து, திருவண்ணாமலையின் தருமலிங்கம். ஏறத்தாழ ஐந்நூற்றுவர் நடுவே இருவர்! 1959இல் பிராங்கு அந்தோணி என்னும் பணியமர்த்த உறுப்பினர் கொணர்ந்த தீர்மானத்தின்மேல்தான், இந்தி பேசாதார் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு உறுதி கூறினார். அவ்வுறுதியை மடலாக 1960இல் பெற்றவர் சம்பத்து.

எல்லாம் வெற்றியா? இல்லை. 1974 சூலையில் கச்சத்தீவு உடன்பாடு அவைக்கு வந்தபோது, இராமநாதபுரத்தின் உறுப்பினரான பார்வர்டு பிளாக்கின் மூக்கையாத் தேவரும், பெரியகுளத்தின் உறுப்பினரான முசுலிம் லீகின் முகம்மது செரீப்பும் கடுமையாக எதிர்த்தனர். கேட்பாரில்லை, தீவு போயிற்று. அவர்தம் எதிர்ப்பு அவைக்குறிப்பில் கிடக்கிறது.

நேருவின் உறுதிமொழியுந்தான் என்னவாயிற்று? 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலம் "நீடிக்கலாம்" என்றதேயன்றி, "நீடிக்கும்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல் வேறுபாட்டை மாநிலங்களவையில் அண்ணா சுட்டினார், கேட்கவில்லை. 1965இல் மாணவரும் மக்களும் தெருவில் நின்று குருதி சிந்திய பின்பே, 1967ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது. ஆக, உறுதிமொழியை வாயினின்று வாங்கியவர் சிலர். அதைச் சட்டத்தில் எழுத வைத்தவர் மக்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று நடந்திராது என்பதே என் எண்ணம்.

அத் திருத்தத்தின் 3ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் இயற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் இயற்றினாலன்றி ஆங்கிலத்தை அகற்றவியலாது. ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் முடியாது.